தவன வாசனைக்கு வந்த எலிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அடுப்பில் ஏதோ கருகுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். ஒரு தடவை நிஜமாகவே சாம்பார் கருகியது. பத்தாவதோடு படிப்பை விட்டவள், எனக்கெதற்கு எழுத்து என்பது ஒரு தயக்கம். எலிக்கொட்டகையில் வேலை செய்தவள் என்று தெரிந்தால் விசேஷ வீட்டில் என் கையால் யாராவது தண்ணீர் வாங்கிக் குடிப்பார்களா என்பது இன்னொரு தயக்கம். இவை இரண்டையும்விடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. அது படிக்கப் படிக்க உங்களுக்கே தெரிந்துவிடும்.

போன பௌர்ணமிக்கு என் மகள் சென்னையிலிருந்து வந்தாள். கிரிவலம் முடித்து வரும்போது, செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து காபி குடிக்கிற கடைகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில் கட்டைவிரல் அளவு பாட்டில் ஒன்றை வாங்கி வந்திருந்தாள்.

"மன அமைதிக்கும்மா. தலகாணியில ரெண்டு சொட்டு வுட்டா போதும். முட்டி வலியெல்லாம் மறந்துட்டு தூங்குவ."

மூடியைத் திறந்து என் மூக்கருகே காட்டினாள். தவனம்.

உங்களுக்கு அந்த வாசனை தெரிந்திருக்கும். கதம்பச் சரத்தில் சாமந்திக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவே சாம்பல் பூத்த பச்சையில் நூல் நூலாக ஓர் இலை வருமே, அதுதான். மரிக்கொழுந்து என்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் தவனம். எங்க வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகிற தெருவில் பூக்கடை வைத்திருப்பவர். எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிக்குக்கூட அந்த வாசனை உண்டு. உண்ணாமுலை அம்மனுக்குச் சாத்திய மாலை பிரசாதமாகக் கைக்கு வந்தால் முதலில் எழும்புவதும் அதுதான். நியாயமாக எனக்கு சன்னதிதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்தது எலி மூத்திரம்.

"எடுத்துகினு போ. வெளியில வை," என்றேன்.

மகள் முகம் சுண்டிப்போனது. ஆசையாக வாங்கி வந்த பிள்ளை. காரணம் கேட்டாள், சொல்ல வரவில்லை. அவள் ஊருக்குப் போனபிறகுதான் இந்த நோட்டை எடுத்தேன்.

ஊருக்கு வெளியே மருந்து செய்யக் கற்றுக் கொடுக்கிற கல்லூரி ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். அதன் பின்கட்டில் தகர ஷீட் போட்ட நீளமான கட்டடம். வாசலில் விலங்குக் கூடம் என்று போர்டு. நாங்கள் எலிக்கொட்டகை என்போம். கொரோனாவுக்குச் சில வருஷம் முன்புவரை அங்கே எனக்கு வேலை. கூண்டில் பழைய உமியைக் கொட்டிப் புது உமி போட வேண்டும், தண்ணீர் பாட்டில் மாற்ற வேண்டும், தீவன வில்லை வைக்க வேண்டும், கூண்டைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று எங்க வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புள்ளயார் வாகனத்துக்கு சோறு போடுற பாக்கியம், யாருக்குக் கெடைக்கும்?"

ஒரே வாரத்தில் அது என்ன பாக்கியம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவரிடம் சொல்லவில்லை. ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற மனுஷன், ராத்திரி தூக்கம் கெடும்.

எலி என்றால் வீட்டில் ஓடுகிற கறுப்பு எலியை நினைக்காதீர்கள். வெள்ளை வெளேரென்ற சுண்டெலி. கண்ணு மட்டும் மாதுளை முத்து. பிறந்த அன்று பார்த்தால் வேர்க்கடலை ஓட்டை உடைத்து எடுத்த பருப்பு மாதிரி சிவப்பாக, குடித்த பால் வயிற்றில் வெள்ளையாகத் தெரியும். எந்த எலிக்கு எந்த மருந்து என்று அடையாளம் தெரிய முதுகிலும் வாலிலும் மஞ்சள் மருந்து தடவுவார்கள். புதிதாகப் பார்த்தபோது மஞ்சள் பூசியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஏதோ கல்யாணத்துக்குத் தயாராகிறதுபோல அப்படி ஒரு நிறம்.

மன அமைதி தருகிற மூலிகை எண்ணெய்களைச் சோதிப்பதுதான் அங்கே அப்போது நடந்த பெரிய வேலை. துளசி, வெட்டிவேர், எலுமிச்சம்புல், தவனம் என்று ஆராய்ச்சி செய்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. கண்ணாடிக் குடுவையில் காய்ச்சி எண்ணெய் இறக்குகிறபோது காற்றில் கோயில் வாசனை வரும். கதவுக்கு இந்தப் பக்கம் வந்தால் மூத்திர வாடை கண்ணைக் கரிக்கும். மனசை அமைதியாக்குகிறதா என்று எலியிடம் எப்படிக் கேட்பது? சும்மா இருக்கிற எலிக்கு எண்ணெய் காட்டினால் ஒன்றும் தெரியாதாம். அதனால் முதலில் அதைப் பயமுறுத்த வேண்டும். பயத்தில் எது கம்மியாக நடுங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்குக் கூட்டல் குறி மாதிரி ஒரு மரப்பலகை, இடுப்புயரத்துக்கு. இரண்டு கைக்குப் பக்கச்சுவர் உண்டு. மற்ற இரண்டு கை வெட்டவெளி. எண்ணெய் நனைத்த பஞ்சோடு ஒரு பெட்டியில் எலியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு பலகை நடுவில் விடுவார்கள். பயந்த எலி சுவருக்குள் போய் ஒண்டிக்கொள்ளும். பயம் தெளிந்தது வெட்டவெளிக்கு வந்து விளிம்பில் மூக்கை நீட்டிக் கீழே எட்டிப் பார்க்கும். வேறு சில சோதனைகளில் வாலில் பிளாஸ்திரி ஒட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். ஆழமான ஜாடித் தண்ணீரில் போட்டு, எப்போது நீந்துவதை விட்டுவிட்டுச் சும்மா மிதக்கிறது என்று கடிகாரம் பார்ப்பார்கள். நான் தண்ணீர் மாற்றப் போகும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு "சிவாயநம, சிவாயநம" என்று சொல்வேன். அதனால் எலிக்கு ஒரு லாபமும் இல்லை. எனக்கு ஒரு சமாதானம்.

ஒருமுறை பயந்த எலி மறு சோதனைக்கு ஆகாது. கழுத்தில் பென்சிலை அழுத்தி வாலைப் பிடித்து ஓர் இழுப்பு. அதன்பின் மஞ்சள் பை, ஆஸ்பத்திரிக் கழிவு போடுவார்களே, அந்த பிளாஸ்டிக் பை. பையைக் கட்டுவது என் வேலை. சில நேரம் கட்டும்போது இன்னும் சூடாக இருக்கும்.

மகாதீபத்தன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இதற்குச் சம்பந்தம் உண்டோ இல்லையோ. மலையுச்சியில் தீபம் ஏறியதும் ஊரே "அண்ணாமலைக்கு அரோகரா" என்று கையெடுக்கும், தெருவெல்லாம் வெடி வெடிக்கும். கண்ணீரோடு கும்பிட்டுவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போனேன். குட்டி போட்டிருந்த தாய் எலிகள் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, குட்டிகளைத் தின்றிருந்தன. உமியில் சின்னச் சின்னக் கால்கள் கிடந்தன. அடுத்த வருஷத்திலிருந்து தீபத்துக்கு முதல்நாளே ஜன்னலுக்கெல்லாம் கோணிப்பை அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

தவனம் செல்வியின் பங்கு. கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பிள்ளை. அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. ஆராய்ச்சி முடித்து டாக்டர் பட்டம் வாங்கினால் அவர்கள் வகையறாவிலேயே முதல் ஆள். அவர் ஊர் முழுக்க, "எம் பொண்ணு டாக்டராவப் போவுது" என்று சொல்லி வைத்ததில் ஜனங்கள் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்களாம். "நான் எலி டாக்டர்கூட இல்லக்கா, எலிக்கு எமன்," என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவள் பட்டம் முழுக்க அந்தத் தவன எண்ணெய்மேல் நின்றது. எண்ணெய் வேலை செய்தால் அவள் டாக்டர். இல்லாவிட்டால் அத்தனை வருஷமும் வீண்.

அவளுக்கு வழிகாட்டி பெரிய சார். நெற்றி நிறைய விபூதி. பிரதோஷத்துக்கு நந்தி பக்கத்தில் நிற்க இடம் கிடைக்காவிட்டால் அன்று முழுக்கக் கோபமாக இருப்பார். பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிற புண்ணியவான். நானே அங்கே தயிர்சாதம் வாங்கித் தின்றிருக்கிறேன். நல்ல தயிர்.

தவன எண்ணெயின் முதல் சோதனை அமோகமாக வந்தது. தண்ணீர்ப் பஞ்சு முகர்ந்த எலிகள் சுவருக்குள் ஒடுங்கிக் கிடந்தன. எண்ணெய் முகர்ந்தவை பலகை வெளிக்கு வந்து, விளிம்பில் நின்று, முன்னங்காலால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டன. பெரிய சார் கை தட்டினார். எண்ணெயைப் பாட்டிலில் விற்க ஒரு கம்பெனியோடு பேச்சும் நடந்தது. செல்வி எனக்குப் பாதுஷா வாங்கிக் கொடுத்தாள்.

இன்னொரு தடவை செய்து காட்டு என்றார்கள். கொட்டகையில் வளர்ந்தவை தீர்ந்துபோனதால் வெளியூரிலிருந்து புது எலிகள் வந்தன. சோதனையும் நடந்தது. ஒன்றும் வரவில்லை. எண்ணெய் முகர்ந்த எலிகள் முன்னைவிட ஜாஸ்தியாக மூலையில் பதுங்கின. திரும்பச் செய்தாள். அப்படியே.

பெரிய சார் எல்லாப் பிள்ளைகளுக்கும் எதிரே கேட்டார்.

"என்னம்மா, போன வாட்டி பரதநாட்டியம் ஆடுச்சே உன் எலி. இப்போ சலங்கை தொலஞ்சு போச்சா?"

"தெரியல சார்."

"எனக்குத் தெரியுது. மல்லாட்டக் கொல்லையில களை எடுக்க வேண்டியவங்களுக்கெல்லாம் வெள்ளக் கோட்டு மாட்டி வுட்டா இப்டித்தான். மொத தபா ரிசல்ட்ட நீயே எழுதிக்கினியா?"

யாரோ சிரித்தார்கள். செல்வி எலிக்கொட்டகைக்குள் வந்து, உமி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு கூண்டு கூண்டாகப் போய்க்கொண்டிருந்தேன். குட்டி போடுவதற்காக விட்டு வைத்திருந்த பழைய எலிகள் என் பக்கம் ஓடிவந்து கம்பியில் மூக்கை வைத்து நின்றன. எப்போதும் அப்படித்தான், நான் கவனித்ததே இல்லை. பக்கத்திலேயே புதுசுகளின் கூண்டு. அவை நான் வந்ததும் பின்மூலைக்கு ஓடின.

"அக்கா, அங்கயே நில்லு. தலையில இன்னா பூ?"

"கதம்பம். அவரு கடையில மீந்தது. ஏன் கண்ணு?"

அவள் எழுந்து வந்து என் சரத்திலிருந்து தவனத்தை மட்டும் கிள்ளினாள். இடுக்கியில் பிடித்துப் பழைய எலிகளின் கூண்டில் நீட்டினாள். மொத்தமும் வந்து மொய்த்தன. புதுசுகளிடம் நீட்டினாள். ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு விலகின.

விஷயம் இதுதான். கொட்டகையில் வேலை செய்பவர்கள் தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் போட வேண்டும் என்று சட்டம். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிற அன்று மட்டும் போடுவோம். அன்று நாங்கள் எல்லாரும் ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள். மற்ற நாளெல்லாம் நான் குளித்து, விபூதி குங்குமம் வைத்து, தலை நிறையக் கதம்பத்தோடுதான் போவேன். பூக்கடைக்காரர் பெண்டாட்டி வெறும் தலையோடு போனால் ஊர் என்ன சொல்லும்? குனிந்து தீவனம் போடும்போது சரம் முன்னால் விழுந்து கூண்டு வாயில் தொங்கும். அங்கே கண் திறந்த எலிகளுக்குத் தவன வாசனை வந்தால் சோறு வருகிறது என்று அர்த்தம். வெளியூர் எலிகளுக்கு அது ஏதோ புது நாற்றம்.

அடுத்த சில நாட்கள் செல்வி விதவிதமாகச் சோதித்தாள். என்னைப் பூ இல்லாமல் வரச் சொன்னாள், வேறு பூவோடு வரச் சொன்னாள், தவனத்தை மட்டும் குச்சியில் கட்டி நீட்டச் சொன்னாள். எல்லாம் ஒன்றையே சொல்லிற்று. அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! என் இரண்டு கையையும் பிடித்துக் குதித்தாள்.

"எண்ணெய் இல்லக்கா, நீ! உன் வாசன! நான் பொய் எழுதல பாரு. அதுங்க நெஜமாத்தான் வந்துதுங்க."

"அப்போ உனக்குப் பட்டம் கெடைக்குமா?"

"இதையே எழுதுறேன். இது அதவிடப் பெரிய விஷயம். சாருக்கு சந்தோஷமாத்தான் இருக்கும்."

என்னையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பெரிய சார் அறைக்குப் போனாள். அவர் முழுக்கக் கேட்டார். என் தலையைப் பார்த்தார். கொஞ்சம் சிரித்தார்.

"இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. புது எலிங்க குட்டி போடும். அதுங்கள இந்தம்மா பூ வெச்சுகினு வளக்கட்டும். வளந்ததும் சோதனையப் பண்ணு. அழகா வரும்."

நான் அங்கே நிற்கிறேன் என்பதே அவருக்கு ஒரு பொருட்டில்லை. நாற்காலி நிற்கிறது, நானும் நிற்கிறேன், அவ்வளவுதான்.

"அது பொய் சார்," என்றாள் செல்வி.

"எது பொய்? எலி வரும் இல்ல? வந்தா உண்மைதான?"

"வர்றது உண்மை சார். எதுக்காக வருதுன்னு எழுதுறோமே, அது பொய். இத வாங்கி முகந்து பாக்குறவங்களுக்கு அமைதியா வரும்? அவங்களுக்கு யாரு சார் சோறு போட்டது?"

"ரொம்பப் பேசுற. மொதல்ல எழுதிக் குடுத்தியே, அது தெரிஞ்சு எழுதுனதா, தெரியாம எழுதுனதா? நான் சொல்றதுதான் நிக்கும். யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். மறுநாள் வந்து முடியாது என்றாள். அந்த வாரமே அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். சோதனை முடிவைத் தானே இட்டுக்கட்டி எழுதினாள் என்று காரணம். பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது கொட்டகை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேலையப் பாருக்கா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு உத்தரவு வந்தது. தினமும் கட்டாயம் தவனம் வைத்துக்கொண்டு வர வேண்டும், அதுவும் நிறைய. இத்தனை வருஷம் அம்மனுக்கும் எனக்குமாக வைத்துக்கொண்ட பூ. அன்று முதன்முதலாக எங்க வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் முதல் மஞ்சள் பை வரை. மனுஷன் நார் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பூ வெக்க மாட்டேன்னு சொன்னா?"

"நாளைலேர்ந்து வராதம்பாரு."

"தலையில முடியே இல்லன்னா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கொண்டையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முடி நல்ல அடர்த்தி, அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"வேண்டுதல்னு சொல்லிடு. சாமி கேட்டாருன்னா எவனும் வாய தொறக்க மாட்டான். என் யாவாரம்தான், பொண்டாட்டி தலைக்கே பூ வெக்க வக்கில்லாதவன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும் போ."

வெள்ளிக்கிழமை மொட்டை போட்டுக்கொண்டேன். தலையில் சந்தனம் குளிர்ந்தது. தவனம் நம்முடைய சாமிக்குச் சொந்தமான வாசனை, அதை வைத்து இதுகளை ஏமாற்றக் கூடாது என்று அம்மன் எதிரே நின்று சொன்னேன். பெரிய காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன்.

பெரிய சார் என் தலையைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். "அண்ணாமலையாரே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்ன வேண்டுதல் என்று கேட்டார், குடும்பத்துக்கு என்றேன். நல்லது, நல்லது என்றார். பிறகு உட்கார்ந்துகொண்டு,

"பூவ தீவன டப்பா மூடியில கட்டிடு," என்றார்.

அவ்வளவுதான். டப்பா மூடி திறந்தால் தவனம், பின்னாலேயே தீவனம். எலிக்கு அது போதும். தலை வேண்டியதே இல்லை. நான் கட்டவில்லை, கூட வேலை செய்தவள் கட்டினாள். வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டால் இன்னொருத்தி வருவாள், மூடி அப்படியேதான் இருக்கும். குட்டிகள் கண் திறந்தன. நாளுக்கு நாள் மூடிச் சத்தத்துக்கும் வாசனைக்கும் முன்னங்காலைத் தூக்கி நின்றன. கூண்டைக் கழுவ நான் போனால் வெறும் மொட்டைத் தலை. என்னைச் சட்டையே செய்யவில்லை. நான் நினைத்தது நடந்தது. எந்தப் பிரயோசனமும் இல்லாமல் நடந்தது.

அந்தச் சமயம்தான் செல்வியின் அப்பா என் வீட்டைத் தேடி வந்தார். காலில் செம்மண்ணோடு வாசலிலேயே நின்றார். கையில் ஒரு பை மல்லாட்டை.

"நீதானம்மா எம் பொண்ணுகூட வேல செஞ்சது?"

"ஆமாங்கய்யா. உள்ள வாங்க."

"உள்ள வர்றது இருக்கட்டும். எம் பொண்ணு பொய் எழுதுனாளா?"

"இல்லீங்கய்யா. சத்தியமா இல்ல."

"அத எங்க ஊருல வந்து சொல்றியா? ஊரே அவள பொய்க்காரின்னு சொல்லுது. எவனோ காலேஜ்ல வேல செய்றவன் வந்து சொல்லிட்டுப் போயிருக்கான். அவ வெளியவே வர மாட்டேன்றா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் எங்க வீட்டுக்காரரும் பஸ் ஏறிப் போனோம். மாரியம்மன் கோயில் பக்கத்து டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். செல்வியின் அப்பா பெருமையாக, "கூட வேல செஞ்சவங்க, கேளுங்க," என்று என்னை உட்காரவைத்தார். நான் ஆரம்பித்தேன். தலையில் பூ வைப்பேன், அந்த வாசனைக்கு எலி வரும் என்று சொன்னதுதான் தாமதம்.

"ஏம்மா, எலி பூ வெச்சுக்கிச்சா, நீ வெச்சுகினியா?"

"மொட்டத் தலையில எங்கடா வெக்கும்?"

"அப்போ எலிதான் வெச்சுகினு வந்திருக்கு."

கடை முழுக்கச் சிரிப்பு. நான் விடாமல் சொன்னேன். எண்ணெயால் வரவில்லை, என் வாசனையால்தான் வந்தது, செல்வி அதைத்தான் கண்டுபிடித்தாள் என்றேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் துப்பிவிட்டு வந்து நிதானமாகக் கேட்டார்.

"அப்போ எண்ணெ வேல செய்யல. நீ பூவக் காட்டி எலிய வர வெச்ச, அது எண்ணெயால வந்துச்சுன்னு அவ எழுதிக்கினா. ரெண்டு பேரும் சேந்து பண்ணியிருக்கீங்க. அதத்தான சொல்ல வர்ற?"

"அய்யோ, அப்டி இல்லீங்க. அப்போ அவளுக்கே தெரியாதுங்க. தெரிஞ்சப்புறம்தான் சார்கிட்ட போயி..."

யாரும் கேட்கவில்லை. டீ கிளாஸ்களை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். செல்வியின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வருவதற்கு முன்னால் அவள் ஒருத்தி பொய்க்காரி. நான் வந்து பேசியபிறகு அதற்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது செல்வி வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். என் தலையைப் பார்த்தாள். ஏன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மொட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தான் வந்த, எனக்குத் தெரியும்க்கா. ஆனா இனிமே சொல்லாத. பாதி கேட்டாலே பொய்யாப் போற கத இது. முழுசா உக்காந்து கேக்குறவங்க யாராவது இருந்தா சொல்லு. இல்லன்னா வுட்டுடு."

பஸ் வந்துவிட்டது. அவளை நான் பார்த்தது அதுதான் கடைசி. இத்தனை வருஷம் நான் வாய் திறக்காததற்கும் அதுதான் காரணம்.

மூடி வாசனையில் வளர்ந்த எலிகள் சோதனையில் அழகாக வெளியே வந்தன. வேறொரு பிள்ளையின் பெயரில் அது எழுதப்பட்டது. பட்டமும் அவனுக்கு. அவன்மேல் எனக்கு வருத்தமில்லை, அவனுக்கு மூடி விஷயம் தெரியுமோ என்னவோ. வெளியே வந்த எலிகளை வழக்கம்போல மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். பையின் வாயைக் கட்டுகிறபோது உள்ளேயிருந்து தவனம் மணத்தது. அந்த மாதத்தோடு நான் நின்றுவிட்டேன்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. கொரோனாவுக்குப் பிறகு அதை மூடி, இடித்து, தரையைச் சமன் செய்துவிட்டார்கள். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வருகிற வேன்கள் அங்கே நிற்கின்றன. உமி கொட்டிய பள்ளம் இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். பெரிய சார் சிவபதவி அடைந்துவிட்டார், அன்னதானப் பந்தலும் அவரோடு போயிற்று. என் முடி வளர்ந்தது, ஆனால் பழைய அடர்த்தி இல்லை; மல்லிகை மட்டும் வைத்துக்கொள்கிறேன். செல்வியின் அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்கோ மகன் வீட்டோடு போய்விட்டார். அவள் வடக்கே ஏதோ மாத்திரைக் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. என்னிடமிருந்த நம்பரைப் போட்டால் இந்தியில் யாரோ எடுக்கிறார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் அந்த வீட்டாரைப் பற்றிக் கேட்டால் மட்டும், எலிக் கணக்கைப் பொய்யாக எழுதிய பெண்ணின் வீடா என்று இன்றைக்கும் வழி சொல்கிறார்கள்.

முழுசாகக் கேட்கிறவர்கள் இருந்தால் சொல் என்றாள் அவள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், நீங்கள்தான் அவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். யாரிடமாவது சொல்வதானால் தயவுசெய்து பாதியில் நிறுத்தாதீர்கள். சிரிப்பதற்காக எதையும் சேர்க்காதீர்கள். சாமி மகிமை என்று என் மொட்டையைப் பெரிதாக்கவும் வேண்டாம். அதனால் ஓர் எலிகூடப் பிழைக்கவில்லை. எலிகள் வந்தன. அவள் பார்த்ததைத்தான் எழுதினாள். ஏன் வந்தன என்று தெரிந்த அன்றே போய்ச் சொன்னாள், சொன்னதற்காகவே வெளியே அனுப்பப்பட்டாள். இதே வரிசையில், இப்படியே சொல்லுங்கள்.